புழுங்கல் காத்த உயிர்கள்

உணவைப் பற்றிப் பேசப் புகும்போது நாம் விளைச்சலைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறோம். ஏர், எருது, மழை, கால்வாய் ஆகிய எல்லாவற்றுக்கும் நம் இலக்கியத்திலும் மேடையிலும் இடம் உண்டு. விளைந்ததைக் கெடாமல் காத்து, அடுத்த அறுவடை வரையில் வீட்டார் வயிறு வாடாமல் பார்த்துக்கொண்ட கலைக்கு அத்தகைய புகழ் வாய்க்கவில்லை. அது பெரும்பாலும் பெண்கள் கையில், கொல்லைப்புறத்தில், விடியற்காலை இருளில் நடந்த வேலை என்பதனாலோ என்னவோ, வரலாறு எழுதியவர்கள் அதன் பக்கம் அதிகமாகத் திரும்பவில்லை. அத்தகைய கலைகளுள் ஒன்றாகிய நெல் புழுக்குதலைப் பற்றி இங்கே சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். பேரரசுகளின் மருத்துவர்கள் பல்லாண்டுகள் தேடி, எண்ணற்ற உயிர்கள் மடிந்த பிறகு கண்டறிந்த ஓர் உண்மை அக்கலைக்குள் முன்பே அடங்கியிருந்தது. அந்த உண்மை வெளிப்படுவதற்குக் கடல் கடந்து போன தமிழ்த் தொழிலாளரின் சோற்றுக் கலயமும் ஒரு காரணமாக இருந்தது. இதை நம்மவருள் பலர் அறியார்.

என் சொந்த ஊர் கொல்லங்கோடு. பாலக்காட்டுக் கணவாயின் தென்புறத்தில், நெல்லியாம்பதி மலையடியில், கரிம்பனைகள் வரப்புக்கு வரப்பு காவல் நிற்கும் ஊர். மழைக்காலத்தில் சீதார்குண்டு அருவி மலைமேல் வெள்ளிக் கோடாகத் தெரியும். 1956ஆம் ஆண்டு நவம்பரில் கேரள மாநிலம் பிறக்கும் வரையில் எங்கள் பகுதி சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. வீட்டில் தமிழ், வீதியில் மலையாளம், வயலில் இரண்டும் கலந்த ஒரு பேச்சு என்று வாழ்ந்தவர்கள் நாங்கள். மலபார் முழுவதற்கும் போதிய நெல் அம்மாவட்டத்தில் ஒருநாளும் விளைந்ததில்லை. ஆயினும் பாலக்காட்டுப் பகுதி மட்டும் தனக்குப் போக மிஞ்சியதைப் பிறருக்கும் தரும் களஞ்சியமாக விளங்கியது.

அங்கே இரண்டு போகம். புரட்டாசியில் வருவது கன்னிக் கொய்த்து; தையில் வருவது மகரக் கொய்த்து. மகரக் கொய்த்து வெயிலில் நடப்பது. கன்னிக் கொய்த்தோ மழை முழுதும் விட்டொழியாத நாளில் வருவது. அறுத்த கதிர் நனையும். அடித்த நெல் ஈரமாகவே களத்தில் கிடக்கும். இரண்டு நாள் தவறினால் முளைவிடும், பூசணம் பிடிக்கும். அந்த ஈர நெல்லை வீணாகாமல் மீட்பதற்கு எங்கள் பெண்கள் அறிந்திருந்த வழி அதை அவித்துவிடுவதே. அவிந்த நெல் முளைக்காது. நன்கு உலர்ந்துவிட்டால் அதன் அரிசி கல்லைப் போல இறுகும். வண்டுக்கும் அவ்வளவு எளிதில் இடங்கொடாது. மழைநாட்டு மக்கள் இயற்கையோடு செய்துகொண்ட ஓர் உடன்படிக்கை என்றே இதனைச் சொல்லலாம்.

என் சிறுவயதில் ஊரில் அரிசி ஆலை இருந்தது. ஆயினும் எங்கள் வீட்டு நெல் வீட்டிலேயே அவிந்து, பிறகுதான் ஆலைக்குப் போகும். முதல் நாள் அண்டாவில் நெல்லைக் கொட்டி, மூழ்க நீர் விட்டு ஊறவைப்பார்கள். மறுநாள் கோழி கூவும் முன்பே பனமட்டையும் உமியும் இட்டு அடுப்பு மூட்டுவார்கள். நெல் மணியின் நுனி வாய் பிளக்கும் தருணம்தான் பதம். அதற்கு முன் இறக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு நிற்கும். பின் இறக்கினால் அரிசி உருக்குலையும். பிறகு முற்றத்தில் பரப்பி, காலால் துழாவித் துழாவி உலர்த்த வேண்டும். உச்சி வெயிலில் முழுதும் காயவிட்டால் ஆலையில் நொறுங்கிக் குருணையாகிவிடும் என்று, கடைசி ஈரத்தை நிழலில்தான் போக்குவார்கள். இரண்டு மணிகளைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்து, அது உடையும் ஓசையைக் கேட்டே ‘போதும்’ என்பாள் என் பாட்டி. ஈரப்பதம் அளக்கும் கருவி அவளுக்குத் தேவைப்படவில்லை.

ஆண்டுக்கு வேண்டிய நெல் பத்தாயத்தில் இருக்கும். பலா மரத்தில் செய்த அந்தப் பெரிய பெட்டியின் முன்பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து நெல்லைப் பறையால் அளப்பார்கள். இடையிடையே வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டிருப்பார்கள். கோடையில் மிளகாயும் பாகற்காயும் மோரில் தோய்ந்து வெயிலில் காய்ந்து ‘கொண்டாட்டம்’ ஆகும். மாவடு பரணியில் அமரும். பலாப்பழம் வெல்லத்தோடு கிண்டப்பட்டுச் சக்கவரட்டியாகும். இவையெல்லாம் நாவுக்குச் சுவை சேர்த்தவை. குடும்பத்தின் உயிரைத் தாங்கியது புழுங்கல். நெல் ஒருமுறை அவிந்துவிட்டதால் படையலுக்கு ஆகாதென்று புழுங்கலை ஒதுக்கிப் பச்சரிசியைப் பூசைக்கு வைத்தார்கள். தெய்வத்துக்குப் பச்சரிசி, மனிதருக்குப் புழுங்கல் என்ற அந்தப் பிரிவினை யாருக்கு நன்மையாய் முடிந்தது என்பதைக் கீழே வரும் செய்திகள் காட்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகின் நெல் வாணிகம் உருமாறியது. ஆங்கிலேயர் கையில் பர்மாவும், பிரெஞ்சுக்காரர் கையில் வியட்நாமின் தென்பகுதியும் வந்தன. ஐராவதி, மேகாங் கழிமுகக் காடுகள் அழிந்து நெல் வயல்களாயின. ரங்கூன், பாங்காக், சைகோன் துறைமுகங்களில் நீராவி ஆலைகள் எழுந்தன. தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் படைகளுக்கும் சிறைகளுக்கும் கப்பல் கப்பலாக அரிசி போயிற்று. அந்த அரிசி மாதக்கணக்கில் மூட்டையில் கிடக்க வேண்டியது. தவிட்டில் எண்ணெய் உண்டு; அது விரைவில் சிக்குப் பிடித்து அரிசியைக் கெடுக்கும். ஆகவே ஆலைக்காரர் தவிட்டை அடியோடு நீக்கி, அரிசியைப் பளபளவென்று தீட்டினர். தீட்டிய அரிசி கெடவில்லை. பார்வைக்கும் வெண்முத்தாய் இருந்தது. கெடக்கூடியதை வெளியே தள்ளிவிட்டு எஞ்சியதைக் காப்பது வணிகத்தின் வழி. அந்த வழியில் உயிரும் சேர்ந்து வெளியே போயிற்று என்பதை அக்காலத்தில் எவரும் அறியவில்லை.

அரிசி போன இடமெல்லாம் பெரிபெரி என்னும் நோயும் தலையெடுத்தது. அது பழைய நோய்தான். ஆனால் இவ்வளவு பெருவாரியாய் அது முன்பு பரவியதில்லை. முதலில் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும், சிலருக்கு உடல் வீங்கும், முடிவில் இதயம் தளர்ந்து உயிர் போகும். டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவில் படைவீரரும் கைதிகளும் கூட்டங்கூட்டமாக விழுந்தனர். கிருமியே காரணம் என்று நம்பி, அதைத் தேடுவதற்காக 1886இல் ஒரு மருத்துவக் குழு அங்கே அனுப்பப்பட்டது. அதில் வந்தவர் கிறிஸ்தியான் எய்க்மான். அவருடைய ஆய்வுக்கூடத்துக் கோழிகள் மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்று கால் முடங்கின. பிறகு வந்த சமையற்காரர் படையாளுக்குரிய சோற்றைக் கோழிக்குப் போட மறுக்கவே, தீட்டாத அரிசி தின்று அவை எழுந்து நடந்தன. சமையற்காரரின் கண்டிப்பிலிருந்து பிறந்த இந்தச் செய்தி பின்னர் எய்க்மானுக்கு 1929ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு பெற்றுத்தந்தது.

நமக்கு மிக நெருக்கமான செய்தி மலாயாவில் நிகழ்ந்தது. அங்கே ஈயச் சுரங்கங்களில் சீனரும், ரப்பர்த் தோட்டங்களிலும் சாலை, இருப்புப்பாதை வேலைகளிலும் தமிழரும் உழைத்தனர். சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் பெரிபெரியால் மாண்டனர். நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராய் இருந்த பிராடன் என்பவர் வியப்பான ஒன்றைக் கவனித்தார். அதே வெயில், அதே மழை, அதே சேறு; ஆனால் தமிழரை அந்நோய் தீண்டவே இல்லை என்னும்படி இருந்தது. தம் நெல்லைத் தாமே குத்தி உண்ட மலாய்க் குடியானவரும் பெரும்பாலும் தப்பினர். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல். வேறுபாடு உலையில்தான் இருந்தது. பழைய பச்சரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று பிராடன் எண்ணினார். 1907இல் வெளியிட்ட நூலிலும் அவ்வாறே எழுதினார். அவர் காட்டிய காரணம் தவறானது. ஆயினும் அவர் கண்ட காட்சி சரியானது.

அதனைச் சோதிக்க முனைந்தவர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பணியாற்றிய பிளெட்சர். 1905ஆம் ஆண்டின் இறுதியில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி, ஒன்றுவிட்டு ஒருவராய் இரண்டு கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சயாம் பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கல். இடத்தின் குற்றமாய் இருக்குமோ என்று, நடுவில் இரு கூட்டத்தாரின் இருப்பிடங்களையும் மாற்றிப் பார்த்தார். ஓராண்டு முடிந்தபோது பச்சரிசி உண்டவருள் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கல் உண்டவருள் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. இந்தக் கணக்கை வாசிக்கும்போது என் மனம் இரண்டுபடுகிறது. நம் புழுங்கல் வென்றது என்ற பெருமிதம் ஒருபுறம். ‘எனக்கு இந்தச் சோறு வேண்டாம்’ என்று சொல்ல இயலாத அந்தப் பதினெட்டுப் பேரின் நினைவு மறுபுறம். ஆளப்பட்டவரின் உடம்பு ஆள்வோருக்கு ஆய்வுக்கூடமாய் இருந்த காலம் அது.

பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் சாலை வேலை செய்த ஜாவானியத் தொழிலாளரிடையே இதே சோதனையைச் செய்தனர். அரிசியில் நஞ்சு ஏதும் இல்லை, தவிட்டோடு போய்விடும் ஏதோ ஒன்று இல்லாமையே நோய் என்ற முடிவை 1909ஆம் ஆண்டளவில் எட்டினர். அந்த ‘ஏதோ ஒன்றை’த் தேடிய காசிமிர் பங்க் 1912இல் ‘வைட்டமின்’ என்ற சொல்லை வழங்கினார். இன்று அதனைப் பி1 வைட்டமின் அல்லது தயமின் என்கிறோம். அதன் அமைப்பைக் கண்டறிந்து 1936இல் செயற்கையாக உருவாக்கிய ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் அமெரிக்கர் பிறந்த ஊர் சென்னை மாகாணத்து நெல்லூர் என்பது நம்மவர் மகிழத்தக்க ஒரு செய்தி.

இனி, புழுக்குவதனால் என்ன நேர்கிறது என்று பார்ப்போம். பி1 நீரில் கரைவது. நெல்லில் அது தவிட்டிலும் முளையை ஒட்டிய பகுதியிலும் இருக்கிறது. நெல் உமியோடு ஊறி, ஆவியில் வேகும்போது அச்சத்தில் ஒரு பங்கு கரைந்து அரிசியின் உட்புறத்துக்குள் இறங்குகிறது. அரிசியின் மாவுச்சத்து கூழாகிப் பின் இறுகும்போது அது உள்ளேயே பூட்டப்பட்டு விடுகிறது. அதன்பின் ஆலையில் தீட்டினாலும், பானையில் களைந்தாலும், பச்சரிசி இழக்கும் அளவுக்குப் புழுங்கல் இழப்பதில்லை. வணிகர் கெடுவதை வெளியே தள்ளிக் காத்தார். நம் பெண்கள் உள்ளே செலுத்திக் காத்தார்கள். இந்த நுட்பத்தை உணர்ந்துதான் செய்தார்களா என்று கேட்டால், பி1 என்ற பெயரை அவர்கள் அறியார் என்பதே விடை. ஈரநெல் வீணாகக் கூடாது, அரிசி நொறுங்கக் கூடாது, சோறு மறுநாள் வரையில் இருக்க வேண்டும், உண்டவன் வயலில் நின்று வேலை செய்ய வேண்டும் என்பவையே அவர்கள் அறிந்த இலக்கணம். பல தலைமுறைகள் வயிற்றால் சோதித்துத் தேர்ந்த முடிவு அது.

இந்தியாவிலும் இதற்குச் சான்று கிடைத்தது. குன்னூரில் 1918 முதல் ஆராய்ச்சி நடத்திய ராபர்ட் மக்காரிசனும், அவருக்குப் பின் 1935இல் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டும் சென்னை மாகாணத்தின் உணவை ஆராய்ந்தனர். ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வட சர்க்கார் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களிலும் மலபாரிலும் அது காணப்படவில்லை. ஒரே மாகாணம், ஒரே அரசாங்கம், இரண்டு உலைகள்! குன்னூரில் இருந்த அந்த ஆய்வுக்கூடமே பின்னாளில் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாய் வளர்ந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு, பழமை அனைத்தும் பொன் என்ற முடிவுக்கு அன்பர்கள் வந்துவிடக் கூடாது. மலாயாவில் பெரிபெரியிலிருந்து தப்பிய தமிழர் மலேரியாவுக்குத் தப்பவில்லை. அவர்களது எலும்பின் மேல்தான் அங்கே ரப்பர் வளர்ந்தது. உலக்கை பிடித்த கைகளின் காய்ப்பையும் நான் கண்டிருக்கிறேன். ஆலை வந்து அந்தத் துன்பத்தைப் போக்கியது நன்மையே. மேலும், காக்கும் கலை எவ்வளவு சிறந்ததாயினும், காப்பதற்கு நெல் இல்லாதபோது அது என்ன செய்யும்? பர்மா அரிசியை நம்பி வாழுமாறு மலபாரையும் வங்காளத்தையும் பழக்கிவிட்ட காலனி ஆட்சியின் பொருளாதாரம் 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தபோது ஆட்டம் கண்டது. மறு ஆண்டே வங்காளத்தில் பெரும் பஞ்சம். அய்க்ராய்டும் உறுப்பினராய் இருந்த விசாரணை ஆணையம் அங்கே 15 லட்சம் பேர் மாண்டதாக 1945இல் கணித்தது. பின்வந்த ஆய்வாளர் பலர் அதனினும் மிகுதி என்பர். வங்காளமும் புழுங்கல் நாடுதான். மலபாரிலும் பட்டினியும் வாந்திபேதியும் சேர்ந்து வந்தன. எங்கள் வீட்டுப் பத்தாயத்தை அரசாங்க ஆட்கள் வந்து அளந்து போனதையும், பங்கீட்டில் வந்த அரிசியைக் கழுவக் கழுவ வாடை போகாததையும் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். எண்பது வயதிலும் அவள் ஒரு பருக்கையைக் கீழே சிந்தவிட்டதில்லை.

இத்தனை வரலாறு உடைய புழுங்கலுக்கு இன்று நம் வீடுகளில் உள்ள மதிப்பு என்ன? வேலையின் பொருட்டு வடக்கே வந்து குடியேறிய நம் குடும்பங்களில் அது மெல்ல மெல்ல இட்லி மாவுக்கான சரக்காகச் சுருங்கிவிட்டது. ‘தடித்த அரிசி’, ‘ஏழை அரிசி’, ‘வாடை அடிக்கும்’ என்று பிள்ளைகள் முகம் சுளிக்கின்றனர். வாடை குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று நாள் நெல்லை ஊறவிட்ட பழைய ஆலைமுறையின் குற்றம். மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் 1950களிலேயே சுடுநீரில் சில மணி நேரம் ஊறவைக்கும் முறையை வகுத்து அக்குறையைத் தீர்த்துவிட்டனர். ‘ஏழை அரிசி’ என்பதற்கு விடை என் அலுவலகத்திலேயே உண்டு. அடுத்த மேசையில் அமர்ந்திருக்கும் வங்காள நண்பர் உணவுப் பெட்டியைத் திறக்கும்போது, அதிலிருப்பது அவர்கள் ‘சித்த சால்’ என்று அழைக்கும் புழுங்கல்தான். ஒரிசா, பீகார் மக்கள் அதனை ‘உசுனா’ என்பர். அவர் அதை எவருக்கும் மறைப்பதில்லை. எங்கள் நட்பு தொடங்கியதே அந்தச் சோற்றைப் பற்றிய பேச்சில்தான்.

பருப்பும் காயும் பாலும் பழமும் கிடைக்கும் வீட்டில் வெள்ளை அரிசி உண்பதால் எவருக்கும் பெரிபெரி வந்துவிடாது. என் கவலை வேறு. 2021ஆம் ஆண்டு சுதந்திர நாள் உரையில், அரசுத் திட்டங்களில் வழங்கும் அரிசியில் சத்துச் சேர்க்கப்படும் என்று பிரதமர் அறிவித்தார். அதன்படி இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவை கலந்த மாவை அரிசி வடிவில் வார்த்து, நூற்றுக்கு ஒன்றாய் அரிசியோடு கலந்தனர். அதன் நன்மை தீமைகளை வல்லுநர் ஆராயட்டும். அரிசிக்குள் சத்தைச் செலுத்த ஒரு தொழிற்சாலை வேண்டும் என்று எண்ணும் காலத்தில், வெறும் நீரையும் நெருப்பையும் கொண்டு அதில் ஒரு பகுதியைச் செய்து காட்டிய கைகள் நம் குடும்பத்தில் இருந்தன என்ற நினைவாவது நமக்கு இருக்க வேண்டாமா?

வயலும் குறைந்து வருகிறது. 1970களின் நடுவில் கேரளத்தில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விளைந்தது. இன்று அதில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சிய வயல்களைக் காக்க 2008இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பாலக்காடு இன்னும் முன்னணியில் நிற்கிறது. ஆனால் அறுத்த நெல் களத்திலிருந்தே கொள்முதலுக்குப் போய்விடுவதால், வீட்டில் நெல் அவிக்கும் அடுப்பு அணைந்துவிட்டது. சென்ற ஆண்டு எங்கள் பத்தாயத்தை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். விடுதி ஒன்றின் வரவேற்பறையில் அழகுக்கு வைக்க வேண்டுமாம். கொடுப்பதா வேண்டாமா என்று உடன்பிறந்தோரிடையே இன்னும் பேச்சு நடக்கிறது. மரப்பெட்டியின் முடிவு எப்படியாயினும் ஆகட்டும் என்று, நான் வேறொரு வேலையைத் தொடங்கினேன். எங்கள் குடும்பத்தில் நெல் அவிக்கத் தெரிந்த கடைசி ஆள் என் அம்மா. ஞாயிறுதோறும் தொலைபேசியில் கேட்டுக் கேட்டு, எத்தனைப் பறைக்கு எவ்வளவு நீர், கன்னி நெல்லுக்கும் மகர நெல்லுக்கும் ஊறும் பொழுதில் என்ன வேறுபாடு, எந்த மாதத்து வெயிலில் எத்தனை நாழிகை என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். ‘இதையெல்லாமா எழுதுவார்கள்?’ என்று அம்மா சிரிக்கிறாள். சிரித்துவிட்டு, முன்பு சொல்ல மறந்த ஒன்றைச் சொல்கிறாள். அலுவலகத்தில் எத்தனையோ கோப்புகளை எழுதியிருக்கிறேன். இந்தக் குறிப்பேட்டைப் போல எதுவும் எனக்கு நிறைவு தந்ததில்லை.

தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் வந்து இங்கே கூடியிருக்கும் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இத்தகைய ஓர் அறிவு முதியவர் ஒருவரின் கையில் இருக்கத்தான் செய்யும். கம்பைக் காக்கும் முறையோ, கருவாடு உலர்த்தும் முறையோ, விதைநெல் கட்டும் முறையோ எதுவாயினும் ஆகுக. அதன் மதிப்பை வேறொருவர் வந்து நமக்குச் சொல்லும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்டால் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவ்வாண்டு விடுமுறைக்கு ஊர் செல்லும்போது கேட்டு எழுதிக்கொள்வோம்.